குவளையில் ஏறும் கேலிச்சித்திரம்



ந.சிவராஜ் அவர்களின் நினைவைப் போற்றக் கூடியிருக்கிறோம். 1942-இல் நாகபுரியில் உருவான அகில இந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவர் அவர். சென்னை மாநகரின் மேயராக இருந்தவர். 1957-இல் தொடங்கிய இந்தியக் குடியரசுக் கட்சியின் முதல் தலைவர். இவை பலருக்கும் தெரியும். சென்னையிலிருந்து 'ஜெய்பீம்' என்ற ஆங்கில வார இதழை அவர் நடத்தியதை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. இன்றைய பேச்சுக்கு அதுவே வேண்டும். நமக்கென்று ஒரு தாள் இல்லையென்றால் அடுத்தவர் தாளில் அடுத்தவர் கை வரைந்தபடிதான் நாம் தெரிவோம் என்பதை அறிந்தவர் அவர்.

இந்த ஆண்டு நம் அமைப்பின் இளந்தோழர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். நூலகத்துக்குப் பணம் திரட்ட வேண்டும். ஏப்ரல் 14-க்கும் டிசம்பர் 6-க்கும் கொடுக்க நல்ல அன்பளிப்புப் பொருளும் வேண்டும். போட்டோ போட்ட மக் அடித்துத் தரும் கடை இப்போது திருவொற்றியூரிலும் இருக்கிறது, ராயபுரத்திலும் இருக்கிறது. பழைய பத்திரிகைகளில் வந்த அரசியல் கேலிச்சித்திரங்களை, பாபாசாகேப் இடம்பெற்ற சித்திரங்களையும் சேர்த்து, குவளையிலும் நாட்காட்டியிலும் கீ செயினிலும் அச்சிட்டால் என்ன? வரலாறும் போய்ச் சேரும், பணமும் வரும் என்றார்கள். சிலர் சரி என்றார்கள், சிலர் கூடவே கூடாது என்றார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அந்த விவாதத்தையே இந்த ஆண்டின் உரையாக்கினோம். இது ஒருவர் எழுதியதல்ல. பல மாலைகள் கூடிப் பேசி நாங்கள் எழுதியது.

முதலில் ஒன்றைப் பார்ப்போம். பத்திரிகையில் வந்த சித்திரம் குவளைக்குப் போகும்போது என்ன ஆகிறது?

பத்திரிகைக்கு ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் ஒரு வாரம். அந்த வாரத்துச் செய்தி வாசகருக்குத் தெரியும். பக்கத்திலேயே தலையங்கம் இருக்கும், மறுவாரம் மறுப்புக் கடிதமும் வரலாம். குவளைக்கு ஏறும்போது தேதி உதிர்கிறது, பக்கத்துச் செய்தி உதிர்கிறது, மறுப்பும் உதிர்கிறது. மிஞ்சுவது உருவம் மட்டும். யார் பெரியவர், யார் சின்னவர், யார் கையில் சவுக்கு, யார் முன்னால், யார் பின்னால் என்பது மட்டும். அந்த உருவம் பத்து வருஷம் அலமாரியில் இருக்கும். வீட்டுக்கு வரும் விருந்தாளி பார்ப்பார். கையில் எடுத்துத் தேநீர் குடிக்கும் குழந்தை பார்க்கும்.

இன்னொன்றும் உண்டு. பத்திரிகை பிடிக்கவில்லையென்றால் மடித்து வைத்துவிடலாம். அன்பளிப்பை அப்படித் தள்ள முடியாது. நம் வீடுகளில் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வரும் எவர்சில்வர் பாத்திரத்தில் கொடுத்தவர் பெயர் வெட்டியிருக்கும். அந்தப் பாத்திரம் இருக்கும்வரை அந்த உறவு இருக்கும். அன்பளிப்பு வாங்கியவரை நன்றி சொல்ல வைக்கிறது. அதில் கேலி இருந்தால், சேர்ந்து சிரிக்கவும் வைக்கிறது. சிரிக்காதவருக்கு 'நகைச்சுவை உணர்வு இல்லாதவர்' என்ற பெயர் கிடைக்கிறது.

குவளை நமக்கு வெறும் பாத்திரமும் இல்லை. தேநீர்க் கடையில் நமக்கென்று தனிக் குவளை வைத்த நாடு இது. சிரட்டையில் ஊற்றிக் கொடுத்த நாடு. இரட்டைக் குவளை முறைக்கு எதிராக எத்தனை ஊரில் எத்தனை போராட்டம் நடந்தது என்பதை இங்கே உள்ள மூத்தவர்கள் அறிவார்கள். 1927 மார்ச் 20 அன்று மகாடில் சவுதார் குளத்தில் பாபாசாகேப் இறங்கித் தண்ணீரை அள்ளிக் குடித்ததே நம் நவீன வரலாற்றின் ஒரு தொடக்கம். எதில் குடிக்கிறோம், யாரோடு குடிக்கிறோம் என்பதற்காகவே அடிபட்ட மக்கள் நாம். அதனால் குவளையின் மேல் என்ன படம் என்பது நமக்குச் சின்ன விஷயம் அல்ல.

படம் பொருளில் ஏறுவது புதிதும் அல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் செப்புத் தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய தாளில் எடுத்துப் பீங்கானில் ஒட்டி மாற்றும் முறை வந்தது. அரசியல் படங்கள் ஜாடிக்கும் கோப்பைக்கும் வந்தன. 1787-இல் ஜோசயா வெட்ஜ்வுட் என்ற மட்பாண்ட முதலாளி அடிமை வணிகத்துக்கு எதிராக ஒரு சிறு பதக்கம் செய்தார். விலங்கிட்ட கறுப்பர் ஒருவர் மண்டியிட்டு, நானும் மனிதன் அல்லவா, சகோதரன் அல்லவா என்று கேட்பது போன்ற படம். அதைப் பெண்கள் கைவளையில் பதித்தார்கள், கூந்தல் ஊசியில் வைத்தார்கள், ஆண்கள் பொடி டப்பியில் பதித்தார்கள். 1820-களில் இது அடிமைகள் விளைவிக்காத சர்க்கரை என்று எழுதிய சர்க்கரைக் கிண்ணங்கள் வந்தன. தேநீர் மேசைக்கே அரசியல் வந்தது. பொருளின் பலம் அது. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் அந்தப் பதக்கத்தை இன்னொரு முறை பாருங்கள். நண்பர்கள் வரைந்த படத்திலும் அந்த மனிதர் மண்டியிட்டுத்தான் இருக்கிறார். கும்பிட்டுக் கேட்கிறார். கரீபியத் தீவுகளில் கலகம் செய்து எழுந்து நின்ற அடிமைகள் அந்தப் பதக்கத்தில் இல்லை. அனுதாபத்தோடு வரைந்த கையே இப்படி வரைந்ததென்றால், அனுதாபம் இல்லாத கை என்ன வரையும்?

அதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த பிறகு கறுப்பரைக் கேலிசெய்யும் உருவங்கள் பிஸ்கட் ஜாடியிலும் உண்டியலிலும் சாம்பல் கிண்ணத்திலும் அஞ்சலட்டையிலும் லட்சக்கணக்கில் விற்றன. தடித்த உதடு, உருட்டிய விழி, எப்போதும் சிரிக்கும் வேலைக்காரி. மிச்சிகன் மாநிலத்தில் ஃபெரிஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் பில்கிரிம் என்ற கறுப்பினச் சமூகவியலாளர் இப்பொருள்களைச் சேர்த்து 'ஜிம் க்ரோ அருங்காட்சியகம்' ஒன்றை உருவாக்கினார். அவர் அவற்றை உடைத்தெறியவும் இல்லை, நகலெடுத்து விற்கச் சொல்லவும் இல்லை. கண்ணாடிக்குள் வைத்து, எந்த ஆண்டு, யார் செய்தது, அந்த ஆண்டில் அந்த ஊரில் கறுப்பருக்கு என்ன நடந்தது என்று பக்கத்தில் எழுதி வைத்தார். எங்கள் விவாதத்தில் இந்த உதாரணம் பெரிதும் உதவியது.

இப்போது நம் நத்தைக்கு வருவோம்.

1949-இல் 'சங்கர்ஸ் வீக்லி' இதழில் கேலிச்சித்திரக்காரர் சங்கர் ஒரு படம் வரைந்தார். அரசியல் சாசனம் ஒரு நத்தை. அதன்மேல் பாபாசாகேப் சவுக்கோடு உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நேரு சவுக்கை ஓங்கி நிற்கிறார். ஊரே வேடிக்கை பார்க்கிறது. சாசனம் எழுதத் தாமதமாகிறது என்பது கேலி.

தாமதத்துக்கு யார் பொறுப்பு? வரைவுக் குழுவில் ஏழு பேர். 1948 நவம்பர் 5 அன்று அரசியல் நிர்ணய சபையில் டி.டி.கிருஷ்ணமாச்சாரி எழுந்து அந்த ஏழு பேரின் கதையைச் சொன்னார். ஒருவர் விலகினார், அவர் இடம் நிரப்பப்பட்டது. ஒருவர் இறந்தார், அவர் இடம் நிரப்பப்படவில்லை. ஒருவர் அமெரிக்காவில் இருந்தார். இன்னொருவருக்கு அரசு வேலை. ஓரிருவர் தில்லியிலிருந்து தொலைவில் இருந்தார்கள். சாசனத்தை எழுதும் சுமை கடைசியில் அம்பேத்கர் தலையில் விழுந்தது என்றார். அவர் சென்னைக்காரர், நம் இயக்கத்தவர் அல்ல. அவர் சாட்சி சபைக் குறிப்பில் இருக்கிறது.

பாபாசாகேபும் சும்மா இருக்கவில்லை. 1949 நவம்பர் 25 அன்று ஆற்றிய உரையில் இந்தத் தாமதக் குற்றச்சாட்டுக்குக் கணக்குக் காட்டிப் பதில் சொன்னார். வரைவுக் குழு உட்கார்ந்தது 141 நாள். வந்த திருத்தங்கள் 7,635. சபையில் முன்மொழியப்பட்டவை 2,473. அமெரிக்கச் சாசனத்தில் பிரிவுகள் 7, நம்முடையதில் 395. ஆஸ்திரேலியாவுக்கு 9 ஆண்டுகள் பிடித்தன, நமக்கு மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. வரைவுக் குழுவின் பெயரைத் திரித்து, திசையில்லாமல் மிதக்கும் குழு என்று சபையிலேயே ஓர் உறுப்பினர் கேலி செய்திருந்தார். அதையும் எடுத்துக்கொண்டு சிரித்தபடியே மடக்கினார். நம் தலைவருக்கு நகைச்சுவை தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். அவர் பகடிக்குப் பகடியும் கணக்குக்குக் கணக்கும் கொடுத்தவர்.

ஆனால் குவளையில் ஏறப்போவது எது? நத்தை ஏறும். 141 நாளும் 7,635 திருத்தமும் ஏறாது.

சவுக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. தில்லி வாசகருக்குச் சவுக்கு ஓர் உருவகம், குதிரை வண்டியின் ஞாபகம். நமக்கு அப்படி இல்லை. கீழத்தஞ்சைப் பண்ணைகளில் சவுக்கடியும் சாணிப்பாலும் நம் மக்களுக்குக் கொடுத்த தண்டனைகள். நேருவின் சவுக்கு நத்தைக்குத்தான் என்று ஓவியர் சொல்லலாம். படத்தில் நத்தைக்கும் சவுக்குக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவர் யார் என்பதைத்தான் சேரியில் பிறந்த கண் முதலில் பார்க்கும். நேரு தன்னையும் விட்டுவைக்க வேண்டாம் என்று சங்கரிடம் கேட்டுக்கொண்டவர் என்பார்கள். உண்மைதான். அவரை எப்படி வரைந்தாலும் அவர் சாதியை யாரும் அதை வைத்து அளக்கப் போவதில்லை. கேலி எல்லோருக்கும் ஒரே எடையில் விழுவதில்லை.

இந்தப் படம் 2006-இல் என்.சி.இ.ஆர்.டி.யின் பதினோராம் வகுப்பு அரசியல் பாடநூலில் சேர்ந்தது. 2012 மே 11 அன்று மக்களவையில் தோழர் தொல்.திருமாவளவன் இதை எழுப்பினார். அவை கொந்தளித்தது. அமைச்சர் கபில் சிபல் மன்னிப்புக் கேட்டார், படம் நீக்கப்படும் என்றார். பாடநூல் ஆலோசகர்கள் யோகேந்திர யாதவும் சுகாஸ் பல்ஷிகரும் பதவி விலகினார்கள். மறுநாள் புணேயில் பல்ஷிகரின் அலுவலகம் தாக்கப்பட்டது. எஸ்.கே.தோரட் தலைமையில் குழு அமைக்கப்பட்டு, பல சித்திரங்களை நீக்கப் பரிந்துரை வந்தது. அக்குழுவில் தனியாக நின்று மாற்றுக் கருத்து எழுதியவர் தமிழர், எம்.எஸ்.எஸ்.பாண்டியன். திராவிட, தலித் அரசியலை ஆழ்ந்து எழுதியவர் அவர்.

அன்று நம்மைப் பார்த்து 'தொட்டால் சிணுங்கி' என்றார்கள். ஒரு மாதம்கூட முழுதாகப் போகவில்லை. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்ட மாணவரைப் பற்றி ஆர்.கே.லட்சுமண் வரைந்த படம் பன்னிரண்டாம் வகுப்பு நூலில் இருப்பது தெரிந்தது. உடனே கலைஞர் கண்டித்தார், வைகோ கண்டித்தார், மருத்துவர் இராமதாஸ் கண்டித்தார். தமிழர் தியாகத்தைக் கேலிசெய்யும் படம் பாடநூலில் கூடாது என்றார்கள். அந்தக் கோபம் நியாயமென்றால் நம் கோபமும் நியாயம். காயம் யாருடையது என்பதைப் பொறுத்து அதன் பெயரை மாற்றக் கூடாது.

அதே சமயம் மூன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். ஆசிரியர் ஒருவரின் அறையை உடைப்பது நம் வழி அல்ல. படத்தை அழித்துவிட்டால் அந்தப் படம் வந்த காலமும் அழிந்துபோகும். அப்போது நமக்குத்தான் சாட்சி இல்லாமல் போகும். கேலிச்சித்திரம் வரையும் உரிமையை நாம் விட்டுக்கொடுக்கவும் கூடாது. 1987-இல் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. 2017-இல் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே எரிந்தது. அதைப் படமாக வரைந்த பாலா கைதுசெய்யப்பட்டார். அந்த வாசலில் எரிந்தவர்கள் பக்கம் நின்ற படம் அது. அப்படிப்பட்ட படங்கள் நமக்கு வேண்டும். அவற்றைத் தடுக்கும் சட்டம் நாளை நம் கையைத்தான் முதலில் கட்டும்.

அப்படியானால் நத்தைப் படத்தை என்ன செய்வது? வழியை ஒருவர் காட்டியிருக்கிறார். ஆந்திரத்தைச் சேர்ந்த உன்னமதி சியாம சுந்தர் தாமே கேலிச்சித்திரக்காரர், ஆராய்ச்சியாளர். 1932 முதல் 1956 வரை ஆங்கிலப் பத்திரிகைகளில் பாபாசாகேபைப் பற்றி வந்த நூற்றுக்கும் மேற்பட்ட சித்திரங்களைத் தேடி எடுத்தார். 2019-இல் நவயானா அதை நூலாக வெளியிட்டது. எழுத்தாளர் ரவிக்குமாரும் எஸ்.ஆனந்தும் 2003-இல் தொடங்கிய பதிப்பகம் அது. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில், அந்த வாரம் பாபாசாகேப் உண்மையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எழுதினார். ஒரே படமாகப் பார்த்தால் நகைச்சுவை. நூறு படத்தை வரிசையாகப் பார்த்தால் ஒரு வழக்கம் தெரிகிறது. அவரைக் குள்ளமாக வரைகிறார்கள், பெண் வேடம் போடுகிறார்கள், குழந்தையாக்குகிறார்கள். பெண்ணாக வரைவதே இழிவு என்று நினைத்த மனமும் அதில் சேர்ந்து தெரிகிறது. இந்து சட்ட மசோதாவுக்காகப் பதவியையே விட்டவரை அப்படி வரைந்தார்கள்.

நம் மக்கள் இதற்குச் சொன்ன பதில் சிலை. பத்திரிகையில் குள்ளமாக்கியவரை ஊர் முனையில் கோட்டும் சூட்டும் போட்டு, கையில் சாசனத்தோடு உயரமாக நிறுத்தினார்கள். அந்தச் சிலையைத்தான் தமிழ்நாட்டில் இரும்புக் கூண்டுக்குள் வைத்திருக்கிறார்கள். டிசம்பர் 6 அன்று மும்பை தாதரில் சைத்யபூமிக்குப் போனவர்களுக்குத் தெரியும். சிவாஜி பூங்கா முழுக்கக் கடைகள். புத்தகம், நாட்காட்டி, கீ செயின், சிறு சிலை. கூலி வேலை செய்கிறவர் காசு கொடுத்து வாங்கிப் போய் வீட்டில் வைக்கிறார். அன்பளிப்புப் பொருளின் அரசியலை நமக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

எனவே எங்கள் முடிவு இது. பாபாசாகேபைக் கேலிசெய்த பழைய படங்களை நூலில் வைப்போம், கண்காட்சியில் வைப்போம், வகுப்பில் காட்டுவோம். தேதி, வரைந்தவர் பெயர், அந்த நாளின் உண்மை ஆகியவை பக்கத்தில் இருக்கும். அன்பளிப்புப் பொருளில் வைக்க மாட்டோம். ஒரு குவளையில் அவ்வளவுக்கும் இடம் இல்லை. இடம் இல்லாத இடத்தில் உண்மை பாதி ஏறினால் அது பொய்யின் வேலையைச் செய்யும். மாணவர்களுக்கு ஒரு சட்டச் செய்தியும் சொல்கிறோம். நம் பதிப்புரிமைச் சட்டப்படி ஓவியரின் உரிமை அவர் இறந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். சங்கர் இறந்தது 1989-இல். அவர் படத்தை அனுமதியின்றிக் குவளையில் அடித்து விற்பது அந்த வகையிலும் சரியல்ல.

சரி, குவளை வேண்டாமா? வேண்டும். அதில் நம் படம் வேண்டும்.

தமிழில் அரசியல் கேலிச்சித்திரத்தை முன்னெடுத்தது 1906-இல் தொடங்கிய 'இந்தியா' இதழ். பாரதி அதில் வெள்ளை ஆட்சியைப் படத்தால் கேலிசெய்தார். அடுத்த ஆண்டே, 1907-இல், இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். சுதேசியம் பேசியவர்களைப் பார்த்து, முதலில் சாதியை விட்டீர்களா என்று கேட்டார். இந்த இரண்டு மரபும் நம் முன்னே இருக்கின்றன. முதலாவது ஆள்கிறவரைப் படத்தால் மேல்நோக்கிக் கேலிசெய்தது. இரண்டாவது, அந்தக் கேலி செய்தவர்களையும் நிறுத்திக் கேள்வி கேட்டது.

எண்ணூரில் படத்துக்குப் பஞ்சமா? கொசஸ்தலை ஆற்றில் அனல் மின் நிலையத்துச் சாம்பல். அந்தச் சேற்றில் நண்டு தேடும் கை. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய், படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் ஒட்டியது. அந்த மாதமே 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய மக்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். இழப்பீட்டுக் கோப்பு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கோப்புத்தான் இன்றைய நத்தை. அதை வரையுங்கள். அதன்மேல் யார் உட்கார்ந்திருக்கிறார், யார் கையில் சவுக்கு இருந்தும் ஓங்காமல் நிற்கிறார், வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் யார் முகமூடி போட்டிருக்கிறார் என்று வரையுங்கள். வரைந்தவர் பெயரும் தேதியும் ஊர் பெயரும் குவளையின் அடியில் இருக்கட்டும், பத்து வருஷம் கழித்துப் பார்ப்பவருக்கும் விளங்கும்படி. அச்சிடும் முன் ஒரு சோதனை வைப்போம். படத்தில் இருக்கும் எளிய மனிதர் அந்தக் குவளையில் தேநீர் வாங்கிக் குடிப்பாரா? குடிப்பார் என்றால் அச்சிடுவோம். அவர் முகம் சுளித்தால் படத்தைத் திருத்துவோம்.

முதல் குவளைகள் விற்பனைக்கு முன் பெரியகுப்பத்துக்குப் போகட்டும் என்று தீர்மானித்திருக்கிறோம். வரையத் தெரிந்த மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். வரையத் தெரியாதவர்கள் அன்று நடந்ததைச் சொல்லுங்கள். சொல்ல ஆள் இருந்தால்தான் வரைகிற கைக்கு வேலை.